வலையின் இரு பக்கமும் ஏழுமலை மாஸ்டர்

ஆகஸ்ட் 8, 1991. வியாழன்

காலையிலிருந்து புழுக்கம். இருட்டிக்கொண்டு வந்தது, பெய்யாமலே போனது.

உறுதியானது: சுதந்திர தினத்தன்று நடக்கும் வட்ட அளவிலான கைப்பந்துப் போட்டியில், பள்ளி வயதுப் பெண்கள் பிரிவில், இந்த முறை ஜெயிக்கிற ஒரே ஓர் அணிதான் மாவட்டத்துக்குப் போகும். சொன்னவர் மாவட்டப் போட்டிக் குழுவின் இணைச் செயலாளர், காஞ்சிபுரத்திலிருந்து, தொலைபேசியில். மறுபடியும் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். போன ஆண்டு வரை இரண்டு அணி போனது. ஏன் மாற்றம் என்றேன். "இடமில்லை சார்." எங்கே இடமில்லை என்று சொல்லவில்லை.

நம் வட்டத்தில் பெண்கள் பிரிவில் பெயர் கொடுத்திருப்பவை இரண்டு அணிகள். ஒன்று மண்ணூர்ச் சாலை மிஷன் பள்ளி. மற்றது பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கும் கம்பெனியின் கிளப். இரண்டுக்கும் பயிற்சியாளர் ஒருவரே. பள்ளியின் பி.டி. மாஸ்டர் ஏழுமலை.

இரண்டு அணியும் மாவட்டத்துக்குப் போன வரையில் இதில் யாருக்கும் தொந்தரவில்லை. இனி உண்டு.

சென்னைப் பத்திரிகை ஆபீஸுக்குச் செய்தி சொன்னேன். மேசையில் புதுப் பையன். "சார், விசாரணை அதிகாரிங்க யாராச்சும் வந்தாங்களா?" மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூரில் வேறு எதுவும் நடக்க அவர்கள் அனுமதிப்பதில்லை. வரவில்லை என்றேன். வைத்துவிட்டான்.

மொபெட் பிளக் மாற்ற வேண்டும். பேனா கசிகிறது, மூன்றாவது சட்டை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஆடி வெள்ளி. விடிவதற்கு முன்பே அம்மன் கோயில் ஒலிபெருக்கி. மனைவி சரோஜா ஒரு தூக்கு கூழ் வாங்கி வந்தாள். வெங்காயம் தீர்ந்துவிட்டது என்று இலைக்கு முன் உட்கார்ந்த பிறகு சொன்னாள்.

மாலை கம்பெனி மைதானம். பள்ளியிலும் ஒரு மைதானம் இருக்கிறது. கல்லும் கருவேல முள்ளும். விழுந்து எழுந்தால் முழங்காலில் தோல் மிஞ்சாது. அதனால் பள்ளிப் பெண்களும் இங்கேதான் பழகுகிறார்கள். வலை கம்பெனியுடையது. பந்துகளும்.

ஏழுமலை மாஸ்டர் வலைக்கு நேர்கீழே நின்றிருந்தார். ஒரு பக்கம் பள்ளி, மறுபக்கம் கிளப். இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கத்தியதில் குரல் போய்விட்டது. இந்தப் பக்கத்துக்குச் சொன்ன தந்திரத்தை அந்தப் பக்கமும் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறது.

அதைவிட ஒரு வேடிக்கை. வலை ஓரம் நின்று, அடிக்கிறவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள் லிஃப்டர். எப்படித் தூக்கப் போகிறாள் என்று முன்கூட்டியே குரல் கொடுக்க வேண்டும். எதிரணிக்கு அது விளங்கக் கூடாது. இதற்கு மாஸ்டர் கண்டுபிடித்தது பலகாரம். இட்லி என்றால் பக்கத்தில், குட்டையாக. தோசை என்றால் நீளமாக, ஓரம் வரை. பூரி, உயர எழும்புவது. பரோட்டா, தலைக்குப் பின்னால் திருப்பிப் போடுவது. சுற்றுவட்டாரத்தில் எங்கே ஆடினாலும் எதிரணிக்குப் பசி எடுக்குமே தவிர, பந்து எங்கே வரும் என்று தெரியாது.

இன்று இரண்டு பக்கமும் ஒரே ஓட்டல். கிளப் பக்கம் ஸ்டெல்லா "தோசை!" என்றதும் பள்ளிப் பக்கம் மூன்று பேர் ஓரத்துக்கு ஓடி எழும்பித் தடுத்தார்கள். பள்ளிப் பக்கம் ஒன்பதாம் வகுப்புக் கலா "பூரி!" என்றாள், அதே கதி. சர்வீஸ் போடுகிற பக்கத்துக்குத்தான் பாயின்ட். சர்வீஸ் மட்டும் மாறி மாறிப் போனது, ஸ்கோர் நகரவில்லை.

வேலி ஓரம் நின்ற ஷிப்ட் முடிந்த ஆட்கள்:

"இன்னா மச்சான், இவங்க இன்னிக்கு முடிப்பாங்களா?"

"சாப்ட்டு முடிக்கட்டும், வுடு."

எனக்கு உறுத்தியது வேறு. ஸ்டெல்லா மிஷன் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. வட்டத்திலேயே அவளைப் போல் லிஃப்டர் இல்லை. அவள் ஏன் கிளப் பக்கம்? மாஸ்டரிடம் கேட்டேன்.

"ரெண்டு டீம்லயும் பேர் இருக்கக் கூடாதுல்ல சார். பிரிச்சுட்டேன். பெரிய பொண்ணுங்க மூணு பேர் கிளப்புக்கு. சின்னதுங்க ஸ்கூலுக்கு."

"யார் பிரித்தது?"

"நான்தான்."

"யாரைக் கேட்டு?"

விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 10, சனி

பெயர் கொடுக்க இன்றே கடைசி நாள். இனி ஆள் மாற்ற முடியாது.

பள்ளித் தலைமை ஆசிரியை ரூபி டீச்சரைப் பார்த்தேன். ஸ்டெல்லா தன் பள்ளிக்கு ஆடவில்லை என்பது நான் சொல்லித்தான் அவருக்குத் தெரிகிறது.

"விளையாட்டு விஷயம் எல்லாமே மாஸ்டர்தான் சார். நான் தலையிடறதே இல்லை. ஞாயித்துக்கிழமைகூட வந்து பிள்ளைங்களைப் பழக்கறாரு. அவரை நான் என்னன்னு கேள்வி கேக்கறது?"

உண்மை. ஞாயிற்றுக்கிழமை வருகிற ஆளைக் கேள்வி கேட்பது கடினம்.

வீட்டுக்கு வந்தால் கதவிடுக்கில் ஒரு துண்டுச் சீட்டு. கபடிப் போட்டி முடிவுகள், மாஸ்டர் கையெழுத்தில். விளையாட்டுச் செய்திகளை அவர்தான் எழுதிக் கொடுப்பார். நான் பஸ்ஸில் கண்டக்டரிடம் கவரைக் கொடுத்துச் சென்னைக்கு அனுப்புவேன். நான் இல்லாத நாளில் அவரே அனுப்பிவிடுவார். வசதியான ஏற்பாடு. இன்று முதன்முறையாக அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அனுப்பிவிட்டேன். கபடிதானே.

ஆகஸ்ட் 12, திங்கள்

சென்னை. ஆபீஸில் கூட்டம். புது ஆசிரியர் "மக்கள் பிரச்சினை" என்று எட்டுத் தடவை சொன்னார். மதியச் சாப்பாட்டில் மோர் இல்லை.

திரும்பும் வழியில் ஒரு மகளிர் கல்லூரி அலுவலகம். விளையாட்டு ஒதுக்கீட்டு இடங்களைப் பார்க்கும் கண்காணிப்பாளர் பழக்கமானவர். ஸ்டெல்லா பெயரைச் சொல்லாமல் கேட்டேன்.

"பள்ளி அணிக்காக மாவட்டத்துல ஆடியிருக்கணும் சார். தலைமை ஆசிரியர் கையெழுத்தோட சர்டிபிகேட். கிளப்புக்கு ஆடினதெல்லாம் நாங்க எடுத்துக்கறதில்லை."

"கிளப் மாவட்டத்தில் ஜெயித்திருந்தால்?"

"உலகத்துலயே ஜெயிச்சிருந்தாலும்."

ஆக: கிளப் ஜெயித்தால் ஸ்டெல்லா மாவட்டத்துக்குப் போவாள், சான்றிதழ் செல்லாது. பள்ளி ஜெயித்தால் அவள் போகவே மாட்டாள். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் அவளுக்கு ஒன்றுமில்லை. பன்னிரண்டாம் வகுப்பு, அடுத்த ஆண்டு என்பது கிடையாது.

பெயர் மாற்றும் கெடு சனிக்கிழமையே முடிந்துவிட்டது. நான் சென்னைக்கு வெள்ளிக்கிழமை போயிருக்கலாம். கூட்டம் திங்களன்றுதான் என்பதால் போகவில்லை. எரிச்சல்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

காலையில் ரூபி டீச்சரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

மாலை மாஸ்டர். மைதானத்தில் வலையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். கல்லூரியில் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"தெரியும் சார்."

தெரியும்! அதையே மறுபடி சொன்னேன், வேறு மாதிரி. அதே பதில்.

"அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ஸ்கூல் பக்கம் வந்துடுவா. அவ வந்தா கிளப் தோத்துடும். தோத்துதுன்னா கம்பெனில கிளப்பை மூடிடுவாங்க. மூடினா நெட்டு யாருது? பந்து யாருது? இந்த கிரவுண்டு யாருது? நாப்பது பொண்ணுங்க சார். ஸ்கூல் பீரோவுல இருக்கறது ஒரே பந்து, அதுவும் தையல் வுட்டது."

"இரண்டில் ஒன்றை விட்டுவிடலாமே நீங்கள்."

"எதை வுடறது? ஸ்கூல வுட்டா சோறு இல்ல. கிளப்ப வுட்டா பந்து இல்ல."

 அதற்குள் இன்னொன்று காதில் விழுந்தது. கிளப் பெண்கள் ஓரமாக நின்று முணுமுணுத்து மனப்பாடம் செய்கிறார்கள்: சாம்பார், ரசம், மோர், அப்பளம். கிளப்புக்கு மட்டும் புதுச் சொற்கள். பலகாரம் போய்ச் சாப்பாடு. பள்ளிக்குப் பழைய பலகாரமே.

"ஏன் மாஸ்டர், மாற்றுவதென்றால் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டாமா?"

"அப்புறம் எனக்கே மறந்துடும் சார்" என்றார். சிரிக்க முயன்றார். முடியவில்லை.

பிறகு ஸ்டெல்லா வீடு. அம்மா மேரி, அதே கம்பெனி கேன்டீனில் வேலை. அப்பா இல்லை. மேரி அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"வூட்டுக்குள்ள வாங்க சார். இன்னா சார், பேப்பர்ல எதுனா தப்பா வந்துச்சா?"

சொன்னேன். மேரி பாதியிலேயே மகளைப் பார்த்தார். ஸ்டெல்லா வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். உயரம், நிலையில் தலை இடிக்காமல் இருக்கச் சற்றுக் குனிந்தே நிற்கிறாள்.

"எந்தப் பக்கம்னு உன்னை மாஸ்டர் கேட்டாரா?"

"கேக்கல சார். பனியன் குடுத்தாரு, போட்டுக்கினேன்."

"இவ படிச்சு பி.டி. டீச்சர் ஆவணும்னு கீறா சார்" என்றார் மேரி. "அந்த மாஸ்டரைப் பாத்துதான்."

பனியனைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா என்று ஸ்டெல்லா கேட்டாள். பெயர் போய்விட்டது, கொடுத்தாலும் பள்ளிக்கு ஆட முடியாது என்றேன். கொஞ்சம் யோசித்து, "அப்போ ஆடிடறேன். நான் இல்லன்னா மீதி அஞ்சு பேர் இன்னா பண்ணுவாங்க" என்றாள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம் மூன்று இடம். மிட்டாய் மூன்று இடம். மூன்றும் ஆரஞ்சு.

ஆட்டம் மாலை. நல்ல கூட்டம். கிளப் தலைவரான கம்பெனி பர்சனல் ஆபீசர் சம்பத் முன்வரிசை நாற்காலியில். ரூபி டீச்சர் எதிர்வரிசையில், மடியில் குடை.

நடுவர் காஞ்சிபுரத்திலிருந்து வர வேண்டியவர். வரவில்லை. ஊர்வலத்தில் பஸ் மாட்டிக்கொண்டது என்றார்கள். விசில் ஊதத் தெரிந்தவர் யார் என்று தேடினார்கள். ஒருவர்தான். ஏழுமலை மாஸ்டர் இரண்டு அணியின் பெஞ்சையும் விட்டெழுந்து, ஏணி வைத்த மேடையில் ஏறினார்.

எனக்குத் தெரிந்து இப்படி ஒரு ஆட்டம் நடந்ததில்லை. பள்ளி டைம் அவுட் கேட்டது; பள்ளிப் பெண்கள் பெஞ்சுக்குப் போகாமல் பழக்கதோஷத்தில் நடுவர் மேடையடிக்கு ஓடினார்கள். கிளப் பெண்களும் அதே மேடையடிக்கு. பன்னிரண்டு பெண்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

"போங்க, போங்க! எங்கிட்ட வராதீங்க!" என்று மேலிருந்து கை வீசினார். கூட்டம் சிரித்தது. அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

முதல் செட் கிளப். சாம்பாரும் ரசமும் பள்ளிப் பெண்களுக்குப் புரியவில்லை. "இன்னாமா, மெனு மாறிப்போச்சா?" என்று ஒரு ஆள் கத்தினான். ஆனால் எல்லாரும் ஒரே தெருவில் இருக்கிறவர்கள். இரண்டாவது செட் பாதியில் கலா கண்டுபிடித்துவிட்டாள். ரசம் என்றால் தோசை, அப்பளம் என்றால் பூரி. இரண்டாவது பள்ளிக்கு.

மூன்றாவது செட். நகரவில்லை. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. பள்ளி ஜெயிக்க இன்னும் ஒரே பாயின்ட், சர்வீஸும் அவர்களுடையது. பந்து வந்தது. கிளப் பின்வரிசை எடுத்துக் கொடுத்தது. ஸ்டெல்லா வலையடிக்கு ஓடினாள். அப்பளம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது "பூரி!"

இரண்டு பக்கமும் எழும்பின. வலைக்கு இருபுறமும் ஆறு கை. ஸ்டெல்லா அதைப் பார்த்துத் தடுமாறினாள். பந்து அவள் ஒரு கையில் பட்டு, மறு கையில் பட்டு, மேலே போனது.

விசில்.

மாஸ்டர் இரண்டு விரலைக் காட்டினார். டபுள். தவறு. ஆட்டம் பள்ளிக்கு.

நான் வலை ஓரமாகவே நின்றிருந்தேன். டபுள்தான். சந்தேகமில்லை.

சம்பத் எழுந்து மேடையடிக்கு வந்தார். "என்ன மாஸ்டர், நம்ம டீமுக்கே ஊதிட்டீங்க?"

"டபுள் சார்."

"கேட்டேன். நம்ம டீமுக்கேவான்னு கேட்டேன்."

"டபுள்னா டபுள்தான் சார்" என்றார் மாஸ்டர். ஏணியில் இறங்கினார். கீழே வந்தவரிடம் பள்ளிப் பெண்கள் ஓடிவந்து குதித்தார்கள். கிளப் பெண்கள் தள்ளி உட்கார்ந்து அழுதார்கள். அவர் நடுவில் நின்றார். எந்தப் பக்கமும் போகவில்லை.

நான் எழுதிய செய்தி: முழுப்பக்கம். இரண்டு அணிக்கும் ஒரே பயிற்சியாளர், அவரே நடுவர், திறமையான மாணவிக்கு மாவட்ட வாய்ப்பு போனது. இரு தரப்பின் பேச்சும் சேர்த்து. கடைசி பஸ் கண்டக்டரிடம் கவர்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பேப்பரில் வந்த செய்தி, முழுவதும் இவ்வளவே:

"ஸ்ரீபெரும்புதூர், ஆக. 15: சுதந்திர தினக் கைப்பந்துப் போட்டியில் மிஷன் பள்ளி மாணவிகள் வெற்றி பெற்றனர். போட்டியை உடற்கல்வி ஆசிரியர் ஏழுமலை சிறப்பாக நடத்தினார். - நமது நிருபர்."

நான் எழுதியதல்ல. அவர் வழக்கம்போலத் தன் சீட்டை முந்தின பஸ்ஸில் அனுப்பியிருக்கிறார். ஆட்டம் தொடங்கும் முன்பே எழுதி வைத்து, ஜெயித்த அணிக்கு மட்டும் இடம் விட்டிருப்பார். மேசைக்குச் சுருக்கமாக இருந்தது பிடித்துவிட்டது. என் கவர் "பிறகு பார்க்கலாம்" தட்டில்.

சரோஜா படித்துவிட்டு, "சிறப்பாவா நடத்தினாரு? நீங்க நேத்து வேற மாதிரி சொன்னீங்களே" என்றாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

ஸ்டெல்லாவைப் பள்ளி வாசலில் பார்த்தேன். கேட்க வேண்டியதைக் கேட்டேன்: வேண்டுமென்றே செய்தாயா?

முகம் சிவந்துவிட்டது. "இன்னா சார் கேக்கறீங்க? வேணும்னு செஞ்சிருந்தா அந்த அஞ்சு பேர் மூஞ்சில முழிப்பேனா? வாய் கொழறிச்சு. கை வழுக்கிச்சு. மாஸ்டர் ஊதலன்னா நானே சொல்லியிருப்பேன்."

மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ரூபி டீச்சர் முடிவு செய்துவிட்டார். மேல்முறையீடு: ஸ்டெல்லா எங்கள் மாணவி, அவளையோ தாயையோ கேட்காமல் வேறு அணியில் சேர்க்கப்பட்டாள், மாவட்ட அணியில் எங்கள் பள்ளி சார்பில் அவளைச் சேர்க்க அனுமதி வேண்டும். காஞ்சிபுரத்துக்குப் பேசினேன். இணைச் செயலாளர் பதில்: விதியில் இடமுண்டு, ஆனால் அவளைச் சேர்த்தவரே நேரில் வந்து, கேட்காமல் சேர்த்தேன் என்று குழு முன் சொல்ல வேண்டும். முறையீடு வட்டச் செயலாளர் மூலமாகத்தான் வர வேண்டும்.

"வட்டச் செயலாளர் யாரு சார்?" என்று ரூபி டீச்சர் கேட்டார்.

ஏழுமலை. வேறு யாரும் அந்த வேலைக்கு முன்வருவதில்லை.

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 17, சனி

கம்பெனி மைதானக் கதவில் பூட்டு. காவலாளியிடம் கேட்டேன். "ரிப்பேர் சார்." எதற்கு ரிப்பேர்? "அது தெரியாது. ரிப்பேர்னு சொல்லச் சொன்னாங்க." வலை கழற்றப்பட்டிருக்கிறது, வேலி வழியாகப் பார்த்தேன். இரண்டு கம்பம் மட்டும்.

சம்பத்தைச் சந்தித்தேன். காப்பி கொடுத்தார். மரியாதையான ஆள். அவர் பக்கம்:

"சார், கம்பெனி பசங்களுக்காகச் செலவு பண்ணுது. ஜெயிக்கணும்னு எதிர்பார்க்கறது தப்பா? எங்க கோச் எங்களுக்கு எதிரா ஊதறாரு. எந்த ஊர்ல நடக்கும்?"

"நடுவராக அவர் ஏறும்போது நீங்கள் தடுக்கவில்லையே."

"நம்ம ஆளுன்னு நெனைச்சேன்."

நேர்மையாகத்தான் சொன்னார். அதில்தான் எல்லாமே இருக்கிறது.

மைதானம் திறக்குமா? செப்டம்பரில் கம்பெனிகளுக்கு இடையே ஒரு போட்டி. ஸ்டெல்லா கிளப்பிலேயே இருந்தால் மறுநாளே வலை கட்டப்படும் என்றார். மாஸ்டரிடம் சொல்லியாகிவிட்டதாம். எழுதிக்கொள்ளலாமா என்றேன். "எழுதிக்குங்க. நாங்க எதையும் மறைக்கலையே." எங்கள் பத்திரிகையின் தீபாவளி மலரில் விளம்பரத்துக்கு இடம் உண்டா என்று அவராகவே விசாரித்தார். அந்தப் பேச்சு எனக்கில்லை, சென்னையில் கேளுங்கள் என்று வந்துவிட்டேன். காப்பி பாதியில்.

இரவு ரத்த அழுத்த மாத்திரை மறந்தேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

பள்ளி மைதானம். பெண்கள் கல் பொறுக்கினார்கள். வலைக்குப் பதில் கயிறு, நடுநடுவே பழைய புடவைக் கிழிசல். தையல் விட்ட பந்து ஒவ்வொரு அடிக்கும் வேறு திசையில் போகிறது. கலாவுக்கு முழங்காலில் ரத்தம். கயிற்றிலிருந்தே ஒரு கிழிசலை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு ஆடினாள்.

ஸ்டெல்லாவும் இருந்தாள். ஆடவில்லை. பந்து முள்ளுக்குள் போகும்போதெல்லாம் எடுத்துக் கொடுத்தாள்.

மாஸ்டரை டீக்கடைக்கு அழைத்துப் போனேன். மெலிந்துவிட்டது போல் இருந்தது. நான்கு நாளில் யாரும் மெலிவதில்லை, என் கண்தான்.

முறையீட்டைக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பினீர்களா?

"அனுப்பிட்டேன் சார். அன்னிக்கே. அதுல தப்பு பண்ண மாட்டேன்." (பிறகு காஞ்சிபுரத்தில் சரிபார்த்தேன். வந்திருக்கிறது.)

நேரில் போய்ச் சொல்வீர்களா?

நீண்ட நேரம் டீயை ஆற்றினார்.

"போறேன்னே வையுங்க. கோச் யாருன்னு கேப்பாங்க, நான்தான். அம்பயர் யாரு, நான்தான். செகரட்டரி யாரு, நான்தான். போய் மூணு பேரையும் கூட்டியாங்கன்னுவாங்க."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சொல்லிட்டேன்னா அந்தப் பொண்ணுக்கு வழி. நெட்டு வராது. சொல்லலன்னா நெட்டு வந்துடும். நாப்பது பேர் ஆடுவாங்க. அந்த நாப்பதுல இன்னொரு ஸ்டெல்லா இருக்கான்னு எனக்குத் தெரியும் சார். கலாவைப் பாத்தீங்கல்ல? அவளுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"ஸ்டெல்லாவுக்கு என்ன பதில்?"

"அதான் சார்" என்றார். "அதான்."

அந்த நேரம் எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, ஒரு நியாயமும் இல்லாமல். எல்லா நாற்காலியிலும் தானே உட்கார்ந்தார் என்று கோபம். மற்ற நாற்காலிகளில் உட்கார நாங்கள் யாரும் வரவில்லை என்பதையும் சேர்த்துத்தான். வட்டச் செயலாளர் பதவிக்குப் போன ஆண்டு என்னைக் கேட்டார்கள். நிருபர், ஒத்துவராது என்றேன். சரியான பதில்தான். இப்போதும் அதையே சொல்வேன். கோபம் போகவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

காலையில் ஒரு தூறல். மண் வாசனைக்கு மேல் இல்லை.

மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு. மேசைக்குப் பேசினேன், மாவட்டப் பக்கமே இன்று இல்லையாம். என் கவர் எங்கே? "சார், டாங்கி வந்திருக்கு சார், டாங்கி!" வைத்துவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

இதுவரை உறுதி:

குழு நாளை, புதன் காலை, காஞ்சிபுரத்தில் கூடுகிறது. முறையீடு முதல் விஷயம். (இணைச் செயலாளர், தொலைபேசி.)

மாவட்ட அணிப் பெயர்கள் நாளை மாலையோடு முடிவு. அதற்குப் பிறகு யார் வந்து சொன்னாலும் பயனில்லை. (அவரே.)

மேரி நாளைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். கேன்டீன் மேற்பார்வையாளர் வாங்கிக்கொண்டார். அனுமதி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. (மேரி.)

உறுதியில்லாதது ஒன்றுதான். மாஸ்டர்.

மாலை பள்ளி வாசலில் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். ஸ்டெல்லா காத்திருந்தாள். நான் பெட்டிக்கடையில் தீப்பெட்டி வாங்கிக்கொண்டிருந்தேன். என்னை அவர்கள் பார்க்கவில்லை. ஆட்டம் முடிந்த நாளிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்று மேரி சொல்லியிருந்தார்.

"மாஸ்டர்."

அவர் நின்றார்.

"நாளிக்கு மொத பஸ்ல நானும் அம்மாவும் போறோம். ரஷ்ஷா இருக்கும். உங்களுக்கு ஜன்னல்ல துண்டு போட்டு இடம் புடிச்சு வெக்கறேன்."

அவர் சைக்கிள் மணியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். அடிக்கவில்லை.

"வேற யாரும் உக்காரக் கேட்டாங்கன்னா?" என்றார்.

"ஆள் வராங்கன்னு சொல்லுவேன்."

தலையாட்டினாரா, குனிந்தாரா, நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. சைக்கிளில் ஏறி, வீட்டுப் பக்கம் போகாமல் கம்பெனிச் சாலைப் பக்கம் போனார். கொஞ்ச தூரம் போய் இறங்கி நின்றார். அதற்குமேல் வளைவு.

நானும் முதல் பஸ். முடிவு நாளை மாலைக்குள்.